வேகத்தடைகள்

ஹமதானை விட்டுக் கிளம்பும்போது
காரில் நாங்கள் ஐந்து பேர்,
மீனையும் சேர்த்து.

புத்தாண்டு மேசையில் ஒரு வாரம்
கிண்ணத்துக்குள் சுற்றிய மீன்.
பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோம் என்றேன்.
"அவர்கள் வீட்டில் பூனை" என்றான் நிகான்.
ஏழு வயதுக்காரனோடு வழக்காட நேரமில்லை.
ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் கழுவி
வினிகர் வாசம் போகும்வரை கழுவி
அதில் விட்டேன்.
"இஸ்ஃபஹானில் ஆற்றில் விட்டுவிடுவோம்" என்றார் கியூமர்ஸ்.
வாக்குக் கொடுப்பதில் என் கணவர் வள்ளல்.

கார் கூரையில் கூடாரம், கம்பளம்,
காஸ் அடுப்பு, அரிசிப் பானை,
கூடாரக் கம்பி ஒன்று உடைந்துபோனதால்
ஒரு துடைப்பக் கட்டை.
ஓட்டுவது நான்.
வழி சொல்வது அவர்.
அராக்கில் ஒரே ரவுண்டானாவை மூன்று முறை சுற்றினோம்.
"பலூன்காரர் நமக்குக் கையாட்டுகிறார்" என்றாள் பர்னியான்
காதிலிருந்து இயர்போனைக் கழற்றாமலே.

குல்பாயெகானில் இரவு.
நகராட்சிப் பூங்காவில் கூடாரத்துக்குக் கூடாரம்
கை நீட்டினால் தொடலாம்.
அர்தபீல்காரி ஒருத்தியிடம் உப்புக் கடன் கேட்டேன்,
தேனும் சேர்த்துக் கொடுத்தாள்.
அஹ்வாஸ்காரர்கள் மீன் பொரித்தார்கள்.
நிகான் எழுந்து போய்
ஜாடியைத் துண்டால் மூடினான்.

பனி இறங்கியது.
இரண்டு கம்பளிக்குள் நான்கு பேர், நடுவே ஜாடி.
நள்ளிரவில் ஒரு கை அதைத் தடவிப் பார்த்தது.
பையன்தான் என்று நினைத்தேன்.
கண்ணாடியில் மோதிரம் இடிக்கும் சத்தம் கேட்டது.

இஸ்ஃபஹான்.
முப்பத்து மூன்று வளைவுப் பாலம்.
நிகான் எண்ணிப் பார்த்தான், வளைவுகள் சரியாக இருந்தன.
ஆறுதான் இல்லை.

வெடித்த களிமண்.
அதன்மேல் சைக்கிள் தடங்கள்.
பந்து விளையாடும் பையன்கள்.
காலால் மிதிக்கும் அன்னப் படகுகள்
வரிசையாகத் தரைதட்டிக் கிடந்தன,
கழுத்தை மட்டும் நிமிர்த்திக்கொண்டு.

"மேலே அணையை மூடியிருப்பார்கள்" என்றார் கியூமர்ஸ்,
இன்று பால்காரன் வரவில்லை என்பதுபோல.
அவரைத் திட்ட ஒரு வருஷத்துச் சொற்கள்
என்னிடம் இருந்தன.
அவர் முகத்தைப் பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.

பாலத்தடியில் ஒரு டாக்ஸி ஓட்டுநர்
கல்லில் குரல் மோதித் திரும்பும்படி பாடிக்கொண்டிருந்தார்,
தண்ணீர் ஓடும் நாட்களில் பாடுகிற அதே இடத்தில் நின்று.

நிகான் யாரையும் கேட்காமல் ஆற்றுக்குள் இறங்கினான்.
ஓர் அன்னத்தின் முதுகில் ஜாடியை வைத்தான்.
ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தான்.
துருப்பிடித்த சங்கிலி கிறீச்சிட்டது.
பர்னியான் எங்களைப் பார்த்தாள்.
பிறகு இயர்போனைப் பையில் திணித்துக்கொண்டு போய்
அடுத்த பெடலில் கால் வைத்தாள்.

ஜாடிக்குள் தண்ணீர் ஆடியது.
அந்த ஆற்றில் அன்றைக்கு
அவ்வளவுதான் தண்ணீர்.

சதுக்கத்துக் குளத்தில் விடலாமா என்று
காவலாளியிடம் கேட்டோம்.
குனிந்து ஜாடியைப் பார்த்தார்.
"குளோரின் போடுகிறோம் அம்மா" என்றார்,
பையன் காதில் விழாதபடி.

திரும்பும் வழி.
மெதுவாகப் போ, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று
பதினான்கு வருஷமாகச் சொல்லி வருகிறார் கியூமர்ஸ்.
நான் கேட்டதில்லை.

வேகத்தடை வருகிறது.
முதல் கியருக்கு இறங்குகிறேன்.
முன்சக்கரம் ஏறி இறங்குகிறது.
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
பின்சக்கரம்.
கண்ணாடியில் பார்க்கிறேன்,
தூங்கும் பையனின் மடியில் ஜாடி.
சிந்தவில்லை.

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.

கியூமர்ஸ் மெல்லத் திரும்பி
என்னைப் பார்க்கிறார்.
"ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்கிறேன்.