கேட்டில் சோதனை

குடியாத்தம் வரைக்கும் இலவசப் பஸ்.
அதற்குப் பிறகு டிக்கெட்.
வேலூரில் இறங்கி இன்னொரு டிக்கெட்
அடுக்கம்பாறைக்கு.
வியாழக்கிழமை மட்டும்தான் கட்டுப் போடுகிறார்கள்.
வியாழக்கிழமைதான்
எங்கள் லைனில் சரக்கு ஏற்றும் நாள்.

ஆறு வியாழன், ஆறு மாவுக்கட்டு.
ஒவ்வொரு முறையும் பாதத்தை
நெல்லளவு வெளியே திருப்பி
மாவு சுட்டு இறுகும்வரை
பேசாமல் பிடித்திருப்பார் டாக்டரம்மா.
புதன் ராத்திரியே ஊறவைத்து
பழசைக் கழற்றிக்கொண்டு வா என்பார்.
ஒரு பக்கெட் தண்ணீர் போதுமாம்.
எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை.
அந்த ஒரு பக்கெட்டை
மூன்று நாள் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன்.
ஐப்பசியில் பாருங்கள்,
கேட்காத தண்ணீர் கூரை வழியாக வந்து
நனையவே கூடாத கட்டின்மேல் சொட்டியது.
அந்த வாரம் கணக்கில் சேராது என்றார்கள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்:
"கெரகணத்தன்னிக்கு எதையாவது அறுத்தியாம்மா?"
அறுத்தேன் அக்கா.
எட்டு மாதமும் அறுத்தேன்.
நாளைக்கு நானூறு ஜோடிக்கு நூல் அறுத்தேன்.
கிரகணம் வந்ததும் போனதும்
ஷெட்டுக்குள் ட்யூப் லைட்டுக்குத் தெரியாது.

அவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை.
"நடக்க ஆரம்பிச்சா தானா சரியாப் பூடும்" என்பார்
போனில்.
பின்னால் கலவை மெஷின் சுற்றும்.

கட்டெல்லாம் முடிந்தபின் கொடுத்தார்கள்
இரண்டு சின்ன ஷூ, நடுவே ஒரு கம்பி.
ஒரு நாளில் இருபத்துமூன்று மணி நேரம்,
மூன்று மாதம்.
அப்புறம் நாலு வயசு வரை தூங்கும்போதெல்லாம்.
சொன்ன நர்சுக்குத் தெரியாது,
எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர்,
அந்தப் பக்கம் முதல் ஷிப்ட் போகிறவர்கள்.

நான்காம் ராத்திரி கழற்றினேன்.
அசோகன் தூங்கினான்.
அவன் பிறந்தபின் முதல் முறையாக
எனக்குக் கனவு வந்தது.
அடுத்த ராத்திரியும் கழற்றினேன்.
பதினொன்று வரை எண்ணினேன்.
பாதம் மெல்ல,
சொந்த ஊர்ப் பஸ்ஸைக் கண்டவன் போல,
உள்ளே திரும்பியது.
"யாரு கழட்டுனது?"
வார் அறுந்துபோச்சு என்றேன்.
பொய்.
அடுத்த வாரம் உண்மையிலேயே அறுந்தது.
வேறு ஜோடி அடுத்த மாதம்தான் என்றார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்
என் மெஷினிலேயே ஓட்டினேன்.
ஐந்து தையல், எக்ஸ்போர்ட் நூல்.

சாயங்காலம் கேட்டில்
என் பையைத் திறந்தார் செக்யூரிட்டி முனிரத்தினம்.
"எந்த லைனு ஜோடி இது?"
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.
பின்னால் வரிசையில் இருநூறு டிபன் பாக்ஸ்.
ஏன் பிரிய மாட்டேங்குது என்று
இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.
நான் வாய் திறக்கவில்லை.
திறந்தால் இங்கேயும் யாராவது
கிரகணத்தைக் கேட்பார்கள்.
அவராக வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தார்.
வியர்வைக் கறை.
கறைக்குள் ஐந்து விரல், மொச்சைக் கொட்டை அளவில்.
கப்பலேறும் ஷூவில் விரல் பதிந்திருக்காது.
"உன்னுதா?"
"வூட்ல ஆளு கீறான்."

பெரிய ரிஜிஸ்டரைப் புரட்டி எழுதினார்:
டோக்கன் 318. ஷூ, ஒரு ஜோடி. சொந்தம்.
கையெழுத்து வாங்கினார்.
கம்பியைத் தன் துண்டால் ஒரு தரம் துடைத்து
பைக்குள் வைத்தார்.

ஐந்தே முக்கால் பஸ் போயிருந்தது.
இன்றைக்கு அவன் வெறுங்காலோடு
பத்து மணி நேரம்.
கொடுத்திருப்பது ஒன்று.
மீதி ஒன்பதை
எந்த ராத்திரியிலிருந்து கழிப்பது என்று
கணக்குப் போட்டபடி நடந்தேன்.