அறுபத்தொரு நாளுக்கு மேல்

கடலை மூடுவதென்றால் எங்களுக்குத் தெரியும்.
ஏப்ரல் பதினைந்து. விசைப்படகைக் கரையேற்றி
அடிப்பலகையில் ஒட்டிய சிப்பி சுரண்டி, சாயம் அடித்து
அறுபத்தொன்று வரை எண்ணிக்கொண்டிருப்போம்.
எண்ணி முடிகிற எதையும் தாங்கிக்கொள்ளலாம்.

அந்த வருஷம் தடைக்கு முன்னாலேயே
கடலும் மூடிற்று, ரோடும் மூடிற்று.
உச்சிப்புளி மையத்திலிருந்து
கருமலையான் ஓட்டிவரும் மஞ்சள் வேனும் நின்றது.

ரெமிக்கு அப்போது நாலு வயசும் ஏழு மாசமும்.
நடை வந்தது மூன்றில். பேச்சு
ஒரேயொரு எழுத்து: பா.
அப்பா என்கிறான் என்று
தங்கச்சிமடம் முழுக்கச் சொல்லியிருந்தேன்.
ஜெனோவா மறுக்கவில்லை.

விடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு
குருசடி முக்கில் போய் நிற்பான்.
வேன் வராது என்பதை எப்படிச் சொல்வது,
நாளை என்பதே தெரியாத பிள்ளைக்கு?
முதல் வாரம் தூக்கிக்கொண்டு வந்தோம். கடித்தான்.
அடுத்த வாரம் பையை ஒளித்து வைத்தோம்.
அதற்கடுத்த வாரம்
பை இல்லாமலே போய் நின்றான்.

வீட்டில் இத்தனை பகல் நான் இருந்ததில்லை.
ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அரைமணி நேரம் இருப்பது,
ஒரு வாய்ச் சோறு இறங்க
அவள் தொண்டையை விரலால் தடவிவிடுவது,
மிக்ஸி ஓடும் முன் அவன் காதைப் பொத்துவது,
யாருக்கும் தெரியாமல் இவ்வளவு நடந்திருக்கிறதே என்றேன்.
"யாருக்குமா?
உங்களுக்குத் தெரியாமன்னு சொல்லுங்க."

தாட்சாயணி டீச்சர் போனில் சொல்லித்தந்தார்:
துணிக் கிளிப்பை அழுத்த வையுங்கள்,
மணி கோக்க வையுங்கள், வீடியோ எடுத்து அனுப்புங்கள்.
ரெமி டீச்சரின் முகத்தைத் தொட்டான், படம் அணைந்தது.
அணைந்த இடத்தை நக்கிப் பார்த்தான்.
ஒருநாள் கிளிப்பை என் மூக்கில் மாட்டினான்.
மூன்று பேரும் சிரித்தோம்.
அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

ஜூனில் கடல் திறந்தது.
இறால் வாங்க ஆளில்லை, ஆனாலும் திறந்தது.
டீக்கடை, சாராயக்கடை, அப்புறம் கோயில்.
மீன் பெருகக் கடலை மூடுகிறோம்,
பிள்ளைகளை மூடினால் எது பெருகும் என்று
சங்கக் கூட்டத்தில் கேட்க எழுந்தேன்.
டீசல் மானியம் பேசிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் பா போய்விட்டது.
எந்த நாள் என்று தெரியவில்லை.
ஒரு பல் விழுந்தால்கூடக்
கையில் எடுத்துப் பார்க்கலாம்.

டீச்சரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னார்:
வேன் பாம்பன் பாலத்தில் ஏறும்போதுதான் சார்
அவன் முதல்ல அதச் சொன்னான்.
இணைப்புக்கு இணைப்பு சக்கரம் தட்டுமே,
ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பா.
பாலமா இருக்கலாம். அப்பாவாவும் இருக்கலாம்.
நாங்க ரெண்டுக்கும் கை தட்டுனோம்.

மையம் திறந்தது மறுவருஷம் நவம்பரில்.
அவனுக்கு ஆறு வயசும் மூன்று மாசமும்.
ஆறு வரைக்கும்தான் இங்கே என்று
அச்சடித்த தாளைத் திருப்பிக் காட்டினார்கள்.
டீச்சர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அந்த இருபது மாசத்தக் கழிச்சுக்கங்க" என்றாள் ஜெனோவா.
கழிக்கிற கட்டம் படிவத்தில் இல்லை.

திரும்பும்போது அவனைப் பைக்கில் முன்னால் வைத்துப்
பாலத்தில் மெதுவாக ஏற்றினேன்.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
தட்டு. தட்டு. தட்டு.
என் நெஞ்சில் சாய்ந்த அவன் முதுகு
ஒவ்வொன்றுக்கும் லேசாக விறைத்தது,
எண்ணுகிற மாதிரி.
வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை, அல்லது
வந்ததைக் காற்று எடுத்துக்கொண்டது.

பாலம் முடிந்து இறங்கும் இடத்தில்
என் தோளைத் தட்டினாள்:
"திருப்புங்க. இன்னொரு தடவ போவோம்."