சேர்க்கை எண் இல்லாதது

மண்டபம் கிளை நூலகத்துக்கு
வெள்ளிக்கிழமை விடுமுறை.
மற்ற நாட்களில் நானும்
தலையாட்டும் ஒரு மின்விசிறியும்
கச்சான் அடித்தால் தானே திறந்துகொள்ளும்
மூன்றாவது அலமாரியும்
வேலைக்கு வந்துவிடுவோம்.

எட்டரைக்குப் பேப்பர் படிக்கிறவர்கள்.
பத்துக்கு மேல் தேர்வுக்குப் படிக்கிறவர்கள்.
இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கடையில் வாங்கினால்
ஒரு புத்தகம் நானூற்றைம்பது.
இங்கே உப்பு ஏறிய பக்கங்களைப்
பிய்த்துப் பிய்த்துப் படிக்க வேண்டும்.
செதில் உரிக்கிற சத்தம் கேட்கும்.

ஜெனிஸ்டன் கல்லூரியில் இரண்டு வருடம் கணிதம் படித்தான்.
மூன்றாம் வருடக் கட்டணம்
படகு இன்ஜினுக்குள் போனது.
திங்கள், புதன், சனி கடல்.
மிச்ச நாள் ஜன்னலோர நாற்காலி.
"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்க்கா" என்று
கடைசியாகக் கையெழுத்துப் போட்டது
போட்டித் தேர்வுக் கணக்குப் புத்தகத்துக்கு.
சேர்க்கை எண் 3816.
திருப்ப வேண்டிய நாள் அக்டோபர் பதினாலு.

வீடு என்றுதான் சொன்னான்.
படகுக்குக் கொண்டு போயிருக்கிறான்.

பன்னிரண்டாம் தேதி இரவு பிடித்தார்கள்.
மறுநாள் காலை வாசிப்பு மேசையில்
ஏழு பெயர்கள் அச்சாகிக் கிடந்தன,
அவன் பெயர் எழுத்துப் பிழையோடு.
பென்சிலால் திருத்தி வைத்தேன்.
நூலகப் பேப்பரில் எழுதக்கூடாதென்று
நான்தான் பலகை மாட்டியிருக்கிறேன்.

அபராதம் நாள் கணக்கு.
தினமும் பேரேட்டில் ஏற்றினேன்.
நாற்பதோ ஐம்பதோ நாளான பிறகு
பேனாவை மூடிவிட்டேன்.
இதுவே கூட்டுவட்டியாக இருந்தால் எவ்வளவு ஆகும்?
சொல்லத் தெரிந்தவன் யாழ்ப்பாணத்துச் சிறையில் இருந்தான்.

நண்டுக் கம்பெனி ஷிப்ட் முடிந்து
விரல்கள் விறைக்க அவன் அம்மா வந்தாள்.
"புத்தகத்துக்கு எவ்வளவும்மா கட்டணும்?"
படகு முப்பத்தைந்து லட்சம்,
வட்டி வேறு.
அவளால் கேட்க முடிந்த தொகை
இது ஒன்றுதான் என்று
எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

ஜனவரியில் வந்தான்.
படகு வரவில்லை. 3816-ம் வரவில்லை.
பாலிதீன் பையில் சுற்றிய
வேறொரு புத்தகத்தை மேசையில் வைத்தான்.
"அதுக்குப் பதிலாக்கா."

அட்டை இல்லை. தலைப்பு இல்லை.
பதினேழாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது:
ஒரு பெண் பேருந்தை விட்டு இறங்கி
கையில் இருக்கிற சாவியைப் பார்க்கிறாள்.
ஓரத்தில் மூன்று மொழியில் சிறை முத்திரை.
அங்கே ஒரு காவலர்
"கொண்டு போங்க தம்பி, இதை யாரும் தேட மாட்டாங்க"
என்றாராம்.
ஆறு தடவை படித்திருக்கிறான்.
"முன்னாடி பதினாறு பக்கத்துல
என்ன நடந்திருக்கும்னு மட்டும் பிடிபடல."

விதிப்படி இதை நான் வாங்கக்கூடாது.
நன்கொடை என்றால் படிவம் வேண்டும்,
படிவத்தில் நூலின் பெயர் வேண்டும்.
மூன்றாவது அலமாரியில்
3815-க்கும் 3817-க்கும் நடுவே
செருகி வைத்தேன்.

இப்போது அதற்குள் ஆறேழு துண்டுச்சீட்டுகள்.
ஐஸ் ஃபேக்டரிக் கணக்குப்பிள்ளை நஸீமா எழுதியது:
சாவி அவளுடையது இல்லை.
பேப்பர் படிக்க மட்டும் வரும் முத்திருளாண்டி எழுதியது:
புருஷன் ஜெயில்ல இருக்கான், வீடு பூட்டியிருக்கு.
ஒன்றில் வெறும் கேள்விக்குறி.

மார்ச்சில் தணிக்கைக்கு வந்தவர்
அலமாரி அலமாரியாக எண்ணினார்.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
பேரேட்டிலும் அதே எண்.
"சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டு
டீ குடிக்காமலே பாம்பன் பஸ்ஸைப் பிடித்தார்.

நேற்று சனி. படகு இல்லாத சனி.
ஜெனிஸ்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
"வேற கணக்குப் புத்தகம் இருக்காக்கா?"
இருந்தது. பழைய பாடத்திட்டம்.
கையெழுத்துப் போடும்போது
வீட்டுக்கா என்று நான் கேட்கவில்லை.