மோட்டிபென்

அம்மா இறந்த பதினாலாம் நாள்
மாட்டுங்கா ஃப்ளாட்டைப் பூட்டிவிட்டு
மகன் நைரோபிக்குத் திரும்பிப் போனான்.
பால்கனிக்குள் பூனை இருந்ததை
யாரும் கவனிக்கவில்லையாம்.
வாட்ச்மேன் மட்டும் கீழேயிருந்து
பிஸ்கட் எறிந்திருக்கிறார்.
மூன்றாம் மாடிக்கு
ஐந்தில் ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது.
ஜூலை மாதம். தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

ஏ.சி. மெக்கானிக் ஒருவன் கயிற்றில் தொங்கிக்
கோணியில் போட்டு இறக்கிக் கொடுத்தான்.
முந்நூறு கேட்டான்.
கோணியைத் திறந்து பார்த்துவிட்டு
நூறைத் திருப்பிக் கொடுத்தான்.

முதுகு முடி தேங்காய் நார்போல் இறுகிக் கிடந்தது.
சிரைத்து முடித்தபோது
தட்டில் பாதிப் பூனை, மேசையில் பாதி.
டாக்டர் கார்க்கானிஸ் வாயைத் திறந்து எண்ணினார்:
பல் நான்கு. அதில் மூன்று போக வேண்டும்.
வயது பதினைந்து இருக்கலாம்.
எடை இரண்டு கிலோ நூறு.
கிரியேட்டினின் ஐந்து புள்ளி இரண்டு.

அந்த எண்ணை எனக்குத் தெரியும்.
சயான் ஆஸ்பத்திரியில்
பகலெல்லாம் அடுத்தவர் ரத்தம்
குழாயில் போய்த் திரும்புவதைப் பார்ப்பது என் வேலை.
பூனைக்கு அந்த மெஷின் கிடையாது.
தோலுக்கடியில் சலைன், தினம் நூறு மில்லி,
வாந்திக்கு அரை மாத்திரை,
அப்புறம் பார்க்கலாம்.

ஆன்டாப் ஹில்லில் என் ஒற்றை அறை.
ஜன்னல் கம்பியில் சேலை ஹேங்கர்,
ஹேங்கரில் பாட்டில்.
தோளுக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கினால்
தூக்கின இடத்திலேயே நிற்கும்,
கஞ்சி போட்ட காலர் மாதிரி.
ஊசி இறங்கும்போது என்னைப் பார்க்க மாட்டாள்.
நீர் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்க
மூட்டை சுமக்கும் கூலிபோல் நடந்து
கட்டிலுக்கடியில் போய்விடுவாள்.

கோலிவாடாவில் மாந்தேலி வாங்கி
முள் எடுத்து மசித்து வைத்தேன்.
முகர்ந்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்தாள்,
நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல.
ராசாத்தி என்று கூப்பிட்டேன். தாயே என்றேன்.
மூன்றாம் இரவு சனியனே என்றும் சொன்னேன்.
காது அசையவில்லை.
செவிடு என்று ஃபைலில் எழுதச் சொல்லிவிட்டேன்.

"இது இன்னும் எத்தனை நாளைக்கு?"
பக்கத்து ரூம் பாக்கியலட்சுமி கேட்டாள்.
எங்கள் வார்டிலும் கேட்பார்கள்,
படுக்கைக்குக் கேட்காதபடி, கதவுக்கு வெளியே.
இவள் பூனைக்கு நேராகவே கேட்டாள்.
அந்த மட்டில் நல்லவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பா வந்தாள்.
அந்த வீட்டில் பதினெட்டு வருஷம் பாத்திரம் தேய்த்தவள்.
வாட்ச்மேன் சொல்லி, இரண்டு பஸ் மாறி,
கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.
செருப்பைக்கூடக் கழற்றாமல்
தரையில் குந்தி
கட்டிலுக்கடியில் பார்த்துச் சொன்னாள்:
"ஆவ், மோட்டிபென், ஆவ்."

கட்டிலுக்கடியிலிருந்து
முதலில் ஒரு காது வந்தது.

குஜராத்திப் பூனை!
சைவ வீட்டில் பிறந்து
பாலில் ஊறிய ரொட்டி தின்று கிழவியானவள்.
மோட்டிபென் என்றால் பெரியக்கா.
செத்துப்போன அம்மாளைவிட
வீட்டில் இவளுக்குத்தான் மரியாதை அதிகமாம்.
சம்பா சொல்லிச் சிரித்தாள்,
பிறகு என் துண்டை எடுத்து முகம் துடைத்தாள்.
டப்பாவிலிருந்து ஒரு விரல் அளவு கொடுத்தோம்.
கார்க்கானிஸிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

இப்போது தினம் பாட்டிலை மாட்டிவிட்டு
ஆவ் என்கிறேன்.
என் வாயில் அது ஆவி பறக்கிறது.
முதல் தடவைக்குத் திரும்ப மாட்டாள்,
இரண்டாவதற்கும்.
மூன்றாவதில், போனால் போகிறது என்று வருகிறாள்.

நேற்று ஊசி போட்ட கையோடு
காய்கறித் தராசில் நிறுத்தினேன்.
நூற்றிருபது கிராம் கூட.
அதில் நூறு நான் ஏற்றின நீர்.
மிச்சம் இருபது கிராம்
பெரியக்காவுடையது.