தராசு முள்

மூன்று கைபேசி, ஒரு முக்காலி.
அதில் ஒரு கால் ஆடும், கொழுந்துச் சாக்கைக் கிழித்துக் கட்டினோம்.
அப்கொட், கீழ்ப்பிரிவு, பிள்ளைக்காம்பரா.
ஞாயிறு மட்டும் வகுப்பு.

"மலையை எடுக்காதீங்க" என்றேன் முதல்நாள்,
"வந்துபோறவங்க எடுத்து முடிச்சிட்டாங்க."
யாரும் சிரிக்கவில்லை.
சுகிர்தன் மட்டும் கேட்டான்:
"மலைய விட்டுட்டு லயத்த எப்பிடி மிஸ் எடுக்கிறது?
ஒட்டிக்கிட்டில்ல நிக்குது."

ஒரு ஷாட்டுக்கு ஐந்து நொடி போதும் என்றிருந்தேன்.
தங்கேஸ்வரி கொண்டுவந்தது
இரண்டு நிமிடம், பதினொரு நொடி:
மடுவத்துத் தராசு முள்.
முகம் இல்லை.
ஒரு கை சாக்கை மாட்டும்,
முள் பதினெட்டில் நடுங்கி நிற்கும்,
"பதினஞ்சு" என்று ஒரு குரல் எழுதிக்கொள்ளும்.
அடுத்த சாக்கு. வேறு கை.
அதே குரல்.
பின்னால் மழை; யாரோ காலை உதறி
அட்டையைத் திட்டுகிறார்கள்.

நீளம், வெட்டலாம் என்று விரல் வைத்தேன்.
"இன்னும் என்னத்த மிஸ் வெட்டுறது?
அதான் மூணு கிலோ வெட்டிட்டாங்களே."

விரலை எடுத்துவிட்டேன்.

பெரட்டுக்களத்தில் வேட்டி கட்டிக் காட்டினோம்.
காற்றில் திரை உப்ப, முள் வளைந்தது.
காதுவரை மஃப்ளர் சுற்றிய கணக்கப்பிள்ளை
கடைசியில் நின்றார்.
திரை "பதினஞ்சு" என்றது.
களம் "பதினெட்டு" என்றது.
மறுபடி திரை.
மறுபடி களம், இம்முறை பிள்ளைகளும்.
படம் முடிந்தபோது அவர் நின்ற இடத்தில்
ஈரச் செருப்புத் தடம்.

திங்கட்கிழமை தராசு
சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்ததாம்.

அடுத்த ஞாயிறு தங்கேஸ்வரி
பவுடர் டப்பாவைத் திறந்து
மூடியிலிருந்த கண்ணாடியைக் காட்டினாள்:
"இதுல விழுறத எடுத்தா
எண்ணு தலைகீழா தெரியுமா மிஸ்?"