நாக்குக்கு அடியில் ஏழு நிமிடம்

தல்லாகுளத்தில் ஒரு சின்ன அரங்கம்.
நூற்றிருபது நாற்காலி, முக்கால்வாசி காலி.
மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து
என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திரையில் யானைக்கல் பாலத்தின் அடி.
வைகையில் வழக்கம்போலத் தண்ணீர் இல்லை,
ஆகாயத்தாமரையும் ஓர் எருமையும்.
என் முழங்கை பத்தடி நீளத்துக்கு வருகிறது.
ஈ மொய்க்கிற புண்ணுக்குப் போய்
இவ்வளவு அழகான வெளிச்சத்தை
எங்கே பிடித்தாள் இந்த நிலோஃபர்?

பக்கத்துக் கல்லூரிப் பெண் கண்ணை மூடிக்கொள்கிறாள்.
எனக்கோ வாய் ஊறுகிறது.
பதினாறு மாதமாச்சு, ஆனாலும் ஊறுகிறது.
வெள்ளித்தாளில் பழுப்பு உருகி ஓட
இருட்டில் என் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது.

அப்புறம் சோணைமுத்து வருகிறான்.
"டே துளசி, தீப்பெட்டியக் குடுறா."
கொடுக்கிறேன்.
நான் போகாத ஊர்களில் எல்லாம்
படம் போட்டார்களாம்.
அங்கேயும் கேட்டிருப்பான்,
அங்கேயும் கொடுத்திருப்பேன்.
பெரியாஸ்பத்திரிப் பிணவறையில்
அவன் கால் கட்டைவிரலில் சீட்டைக் கட்டிவிட்டு
"நீங்க என்ன உறவு?" என்றார்கள்.
என்னவென்று சொல்ல?
ஒரே ஊசி என்றா?

மீட்சி மூன்று நிமிடம் வருகிறது, வீணையோடு.
தெப்பக்குளத்துப் படியோரம் விடியலில் நடக்கிறேன்.
கேமராவைப் பார்க்காமல் நடங்க என்று
நாலு தடவை நடக்கவிட்டார்கள்.
நாலாவதில் வார் அறுந்துவிட்டது.
அது படத்தில் இல்லை.

பதினோரு நாள் இருந்தார்கள், கிளம்பினார்கள்.
பன்னிரண்டாம் நாள்தான்
எலும்புக்குள் எறும்பு புகுந்தது.
மூக்கு ஒழுகி, கொட்டாவி கொட்டாவியாக விட்டு,
கழிவறைக்கும் பாய்க்கும் நடுவே தவழ்ந்தேன்.
பத்மலதா கதவை வெளியே பூட்டி
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
அப்பளக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்.
ஜன்னல் வழியாக அவளை நான் திட்டிய திட்டை
எந்த மைக்கும் பதிவு செய்யவில்லை.
எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

அதற்கப்புறம் வரிசை.
தினம் காலை எட்டரை.
நர்ஸ் மாத்திரையைப் பொடித்து
நாக்குக்கு அடியில் வைப்பாள்.
"முழுங்காதீங்க. பேசாதீங்க."
ஏழு நிமிடம்.
ஆட்டோ ஓட்டுகிறவர், பரோட்டா மாஸ்டர்,
லாட்ஜ் சீருடையைக் கழற்றாமல் வந்த பையன்,
எல்லோரும் வாயை மூடி, கசப்பை அடக்கி,
பிந்தி ஓடுகிற சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.
அந்த ஏழு நிமிடத்தில்
என்ன நடக்கும் என்று கேட்டால்
ஒன்றும் நடக்காது.
ஒன்றும் நடக்காமல் இருக்கத்தான்
பஸ் ஏறி வருகிறோம்.
அதை யார் படமெடுப்பார்?

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
துளசிராம் இப்போது முழுமையாக மீண்டுவிட்டார்.
கை தட்டுகிறார்கள்.

அந்த வரியை எழுதி மூன்று வருஷம்.
அதற்குள் இரண்டு தடவை விழுந்தேன்.
சித்திரையில் அணையைத் திறந்து விட்டார்கள்,
நாங்கள் படுத்த இடத்தில் அழகர் இறங்கினார்,
ஊரே ஆற்றில் நின்றது.
நான் மட்டும் ஆரப்பாளையம் பக்கம் ஒதுங்கினேன்.
இன்னொரு தடவைக்குக் காரணமே இல்லை.
கரண்ட் போயிருந்தது, அவ்வளவுதான்.

முன்வரிசையில் ஒருவர் மைக்கை வாங்கி
"இப்பவும் அந்த ஆசை வருமா சார்?" என்கிறார்.
நிலோஃபர் என்னைப் பார்க்கிறாள்.
"அந்தக் கடைசி வரியில," என்கிறேன்,
"இப்போதுங்கிற வார்த்தைய மட்டும் விட்டுட்டு
பின்னாடி இருக்கறத எடுத்துருங்க."
துளசிராம் இப்போது.
அங்கேயே நிற்கட்டும்.

சிரிப்பதா தட்டுவதா என்று தெரியாமல் இருமினார்கள்.
வெளியே வில்லாபுரம் ஷேர் ஆட்டோ.
ஆள் சேர்ந்தால்தான் எடுப்பானாம்.
இன்னும் இரண்டு பேர் வரணும்.