மூணு மில்லி கோணல்

குறிச்சி சிட்கோவில், பம்ப் மூடி வார்க்கும் பட்டறைக்கும்
கிரைண்டர் கல் கொத்தும் ஷெட்டுக்கும் நடுவே
எங்கள் ஏசி அறை.
மணிக்கட்டில் எர்த் வயர் கட்டாமல் உள்ளே போகக் கூடாது.
டைட்டானியப் பொடி
தும்மினால் பறக்கும், பொறி பட்டால் எரியும்.

திங்கட்கிழமை வந்த சிடியில் ஒரு மண்டை
அறுநூற்றுப் பன்னிரண்டு சீவல்களாக.
அர்த்தநாரி, 38, திருச்செங்கோடு.
தொழில் என்ற இடத்தில் யாரோ பேனாவால்
'போர் வண்டி' என்று எழுதியிருந்தார்கள்.
ராய்ப்பூருக்கு அப்பால் ஏதோ ஒரு வயலில்
எழுநூறு அடியிலும் புழுதியே வந்த ராத்திரி
கழன்று சுழன்ற ராடு
இடது தாடையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

இல்லாததை வரைவது எளிது.
வலதை எடு, திருப்பு, இடதில் ஒட்டு.
ஒட்டினேன். அழகான தாடை,
ஷேவிங் கிரீம் விளம்பரத்துக்கே ஆகும்.
மூட்டுக்குழியில் மட்டும் உட்காரவில்லை.
மூன்று மில்லிமீட்டர் முறுக்கிக்கொண்டு நின்றது.
ஸ்கேனில் தலையை ஆட்டியிருப்பான் என்று திட்டினேன்.
அந்த வலியில் யார்தான் ஆட்ட மாட்டார்கள்.

டாக்டர் மெர்சி பழைய போட்டோ கேட்டார்.
கோகிலவாணி அனுப்பியது:
வண்டி பம்பரில் சாய்ந்து அவன் சிரிக்க,
டயருக்கடியில் இன்னும் நசுங்காத எலுமிச்சம்பழம்.
பின்னாலேயே ஒரு குரல்பதிவு.

"ஏனுங்க, அவருக்கு மோவாய் கொஞ்சம்
எடதுகைப் பக்கம் இழுத்தாப்பல இருக்குமுங்க.
பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க.
நீங்க நேராக்கிப் போடாதீங்க.
நேரா இருந்தா எம் பொண்ணு பயந்துக்குவாளுங்க."

முடிவில் குக்கர் விசில் ஒன்று, பாதியில் அறுந்து.

மூன்றாம் முறை கேட்கும்போதுதான் பேர் உறைத்தது.
இடம் ஒன்று, வலம் வேறொன்று என்று
மலைமேல் நிற்கிற சாமியின் பேரைச் சுமப்பவனை
நான் கண்ணாடி வைத்து நகலெடுத்திருக்கிறேன்.

அழித்தேன்.
பல் கடிக்கும் இடத்திலிருந்து மறுபடி வரைந்தேன்.
மோவாய் இடதுக்கு இழுத்தது. மூட்டு உட்கார்ந்தது.
"கடி சரியா விழுதில்ல? கோணலை வெச்சிரு"
என்றார் மெர்சி.

புதன் ராத்திரி ஆர்கான் நிரம்பியது.
முப்பது மைக்ரான் பொடி. அதன்மேல் ஒளி.
பொடி. ஒளி.
சீவிச் சீவிப் பார்த்த மனிதனை
அடுக்கி அடுக்கித் திரும்பக் கட்டுகிறது மெஷின்,
அவசரமே இல்லாமல்.
ஆயிரத்து நானூற்றுப் பதினேழாவது அடுக்கில்
பாலக்காட்டுக் காற்று எங்கோ ஒரு கம்பியைத் தட்டியது.
யுபிஎஸ் தாங்கியது என்று எழுத ஆசைதான்.
தாங்கவில்லை.

"விட்ட இடத்துல இருந்து ஓட்டலாம்,
சன்னமா ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான்"
என்றான் இளவரசு.
அந்தக் கோட்டின் மேல்தான்
அவன் முறுக்கு கடிப்பான், கரும்பு கடிப்பான்,
டீசல் கணக்குக்காக முதலாளியிடம் பல்லைக் கடிப்பான்.
பாதித் தாடையைத் தட்டோடு கழற்றினேன்.
ஊதாமல், பிரஷ்ஷால் துடைத்து,
சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.
முதல் அடுக்கு. பொடி. ஒளி.

சனிக்கிழமை சூட்டடுப்பிலிருந்து வந்தது.
தாங்குகால்களைக் குறடால் ஒவ்வொன்றாக ஒடித்தேன்;
முட்டுக் கழற்றிய கான்கிரீட் போல் தானாக நின்றது.
கையில் எடுத்தால் கனமே இல்லை,
ஒரு சாவிக்கொத்து அளவு.

தரச் சோதனைத் தாளில் ஒரு கட்டம்:
'சமச்சீரிலிருந்து விலகல்'.
மூன்று மி.மீ. என்று எழுதினேன்.
பக்கத்தில் 'காரணம்'.
கோகிலவாணி என்று எழுதி,
அடித்துவிட்டு,
'நோயாளியின் இயல்பான அமைப்பு' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.